கதவைத் தட்டுகிற இடம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க தாயி. இந்த பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு பேச்சுப் பேசுது. நான் சொல்றது உங்க காதில் விழணும், பின் சீட்டுக்காரர் காதில் விழக் கூடாது. பையை மடியில் வச்சுக்கோங்க. அந்தப் புத்தகத்தை மட்டும் கொஞ்சம் கவிழ்த்து வச்சிருங்க. ரயில் கூரைமேல் ஆட்கள் உட்கார்ந்திருக்கிற அந்தப் படம் என் கண்ணில் பட வேண்டாம்.

நாட்டைப் பிரித்த கதைதானே? தெரியும். போனில் யாரிடமோ சொன்னீங்களே, வாசகர் கூட்டத்துக்குப் பிரிவினையைப் பற்றி நல்ல புத்தகமாகப் பார்த்துச் சொல்லணும், எதை முதலில் சொல்றது, எதை விடுறதுன்னு தெரியலைன்னு. ஒட்டுக் கேட்கலை. எனக்குக் காது அப்படி. அடுப்பில் பால் பொங்குறது பொங்குறதுக்கு முந்தியே எனக்குக் கேட்டுரும்.

நான் சொல்றேன், கேளுங்க. மூணாம் வகுப்பைத் தாண்டாதவள் புத்தகம் சொல்ல வந்துட்டாளேன்னு நினைக்காதீங்க. நான் படிச்சதில்லை, கேட்டிருக்கேன். படிக்கிறவங்களுக்குப் பயமாக இருந்தால் நாலு வரியைத் தாண்டிப் போயிரலாம். கேட்கிறவளுக்குத் தாண்ட வழி கிடையாது. வாசிக்கிறவள் எங்கே கூட்டிப் போறாளோ அங்கே போய்த்தான் நிற்கணும். எங்க தெருவே அப்படி ஒரு இடத்தில் போய் நின்றது தாயி. நின்ற இடம் நல்ல இடமில்லை.

அப்போ எங்க ஊரில் பெண்களுக்குப் பீடி சுற்றுறதுதான் வேலை. எங்க தெருவில் கிழக்குப் பாதி எங்க ஆட்கள், மேற்குப் பாதி ராவுத்தர் வீடுகள். எங்க பக்கத்துக் கடைசி வீடு என் வீடு. அவங்க பக்கத்து முதல் வீடு சபுரா வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் நான் இருமினால் அந்தப் பக்கம் சபுரா, என்ன மைனி சளியான்னு கேட்பாள். அவளுக்கு வீட்டுக்காரர் கேரளத்தில் ஜவுளி சுமந்து விற்கப் போயிருந்தார். வீட்டில் அவளும் அவளைப் பெற்ற வாப்பாவும்தான். வாப்பாவுக்கு வயசாகி முழங்கால் மடங்காது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு பக்கத்துப் பெண்களும் எங்க வளவு முற்றத்தில் வந்து உட்காருவாங்க. வேப்ப மரத்து நிழல். மடியில் ஆளுக்கு ஒரு சுளகு, அதில் இலை, தூள், நூல், கத்தரி. சபுரா மட்டும் புத்தகத்தோடு உட்காருவாள். எட்டாவது வரை படித்தவள். ஊர் நூலகத்திலிருந்து எடுத்து வந்து வாசிப்பாள், நாங்க சுற்றுவோம். வாசிக்கிறவள் கை சும்மா இருக்கிறதால் அவள் பீடி குறைந்துவிடக் கூடாது இல்லையா? அதனால் எழுந்து போகும்போது ஆளுக்கு ஒரு கட்டு அவள் சுளகில் போட்டுவிட்டுப் போவோம். யாரும் வைத்த சட்டமில்லை. ஆனால் சட்டம்தான். வாசிப்பு நடக்கும்போது பேசக் கூடாது, கை நிற்கக் கூடாது, ஆம்பிளைகள் குறுக்கே வரக் கூடாது. சபுராவுக்குப் பேச்சுக் குரல் வேறு, வாசிப்புக் குரல் வேறு. வாசிப்புக் குரல் கொஞ்சம் உயர்ந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் தனியாகக் கால் ஊன்றி நடக்கும். அது காதில் விழுந்தால் எங்க கை தானாக இலையைத் தேடும். எத்தனை வருஷப் பழக்கம்.

குடும்பக் கதை, பேய்க் கதை எல்லாம் முடிந்து போய் நூலகத்து ஞானப்பூ அம்மாவிடம் இனி என்ன எடுக்கலாம்னு சபுரா கேட்டிருக்கிறாள். அந்த அம்மா, நாடு பிரிந்த கதைகள் நல்லா இருக்கும், வடக்கத்திப் பாஷையிலிருந்து தமிழில் வந்திருக்குன்னு மூன்று புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். உங்களை மாதிரிதான் அவளும், நல்லது செய்யணும்னு.

முதலாவது எருமைப் புத்தகம். அதை நீங்க தைரியமாகச் சொல்லலாம். ஊரை விட்டு ஓடுற குடும்பம், பாதி வழியில், எருமையை அவிழ்த்து விடலையேன்னு கிழவி திரும்பிப் போறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் எங்க பக்கத்துப் பூரணம் அன்னைக்கு வீட்டுக்குப் போய் முதல் வேலையாக மாட்டை அவிழ்த்து விட்டு, அது ஊர்த் தோட்டத்தை மேய்ந்து, அவள் மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். நல்ல புத்தகம்.

இரண்டாவது கூடாரப் புத்தகம். ஓடி வந்தவங்களைக் கூடாரத்தில் வைத்திருக்காங்க. ஒருத்தி ரொட்டிக்கு வரிசையில் நிற்கும்போதே பிள்ளை பெறுறாள், இடம் போயிரும்னு வரிசையை விட்டு நகர மாட்டேங்கிறாள். இதையும் சொல்லலாம். அழுகை வரும், பயம் வராது.

மூன்றாவதுதான். அதற்குப் பேர் என்னவோ இருந்தது, நாங்க கதவுப் புத்தகம்னு சொல்லுவோம். பஞ்சாபில் ஒரு ஊர். ஒரே சுவரில் இரண்டு வீடு, இரண்டும் வேறு வேறு சாமி. ஒரு வீட்டில் கரும்பு வெட்டுறவன், இன்னொரு வீட்டில் அப்பாவும் மகளும். அவங்க பேரெல்லாம் எங்க வாயில் நுழையாது. கரும்புக்காரன், அப்பா, மகள், அவ்வளவுதான். பத்து வருஷமாகக் குழம்பு கொடுத்து வாங்கின வீடுகள். திடீர்னு நாடு பிரியுதுங்கிறாங்க. அடுத்த தெரு எரியுது. அப்பாவும் மகளும் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருக்காங்க.

என்ன தாயி, படிச்சிருக்கீங்களா? அப்போ வாயை மூடிக்கோங்க, கடைசியில் என்னன்னு நான்தான் சொல்லுவேன்.

அப்படி அவங்க உள்ளே இருக்கும்போது கதவைத் தட்டுற சத்தம். அப்பா சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிறார். கரும்புக்காரன் நிற்கிறான். கையில் அரிவாள். மறுபடியும் தட்டுறான்.

சபுரா அந்த இடத்தை வாசிக்கும்போது பீடிக்கடையிலிருந்து ஆள் ஓடி வந்தது. பக்கத்து ஊர் ஒன்றில் ஊர்வலத்தில் தகராறாம், கல்லெறியாம், பஸ் எல்லாம் நின்று போச்சாம், கடையைச் சாத்தப் போறோம், சுற்றினதைக் கொண்டு வந்து போட்டுட்டு வீட்டுக்குள் இருங்கன்னு. அவ்வளவுதான், சபுரா அந்தப் பக்கத்தில் ஒரு பீடி இலையை வைத்துப் புத்தகத்தை மூடினாள். எல்லாரும் எழுந்தாங்க. எழுந்தவங்க போகாமல் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாங்க. ஏன் பார்த்தாங்கன்னு எனக்கு இன்னைக்கும் விளங்கலை. எங்க வீட்டுக்காரர் வாழைத்தார் வெட்டுறவர். அவர் அரிவாள் எப்பவும் எங்க வாசல் கூரை இறவாணத்தில் செருகித்தான் இருக்கும். அதைத்தான் பார்த்தாளுகளோ என்னவோ. அதற்கும் கதைக்கும் என்ன?

அன்னைக்கு யாரும் சபுரா சுளகில் கட்டுப் போடலை. அவசரம். அவளும் வெறுஞ்சுளகை எடுத்துக்கிட்டுப் போனாள். புத்தகம் என் வீட்டிலேயே தங்கிப் போச்சு. அதை வெளியே வைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது, உள்ளே அவன் தட்டிக்கிட்டே நிற்கிறான் பாருங்க. அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன்.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. விடிந்ததும் குழாயடிக்குப் போனேன். கிழக்கே இருந்து வந்த பெண்கள் எல்லாம், ஏன் வடிவக்கா முகம் ஒரு மாதிரி இருக்குன்னு கேட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரன் அரிவாளோடு வந்து கதவைத் தட்டுவான், திறந்தால் தீர்ந்ததுன்னு சொன்னேன். புத்தகத்தில்தான்னு சொல்லியிருப்பேன், தண்ணீர் வருகிற நேரம், குடத்தை மாற்றணும், பேச்சை நீட்ட முடியுமா? சொல்லலைன்னு நினைக்கிறேன். அவங்களுக்கே தெரியாதா என்ன?

மத்தியானத்துக்குள் தெருக்கோடியிலிருந்து சேதி வந்தது தாயி.  மேற்கே உள்ளவங்க அரிவாளோடு வீடு வீடாக வந்து தட்டப் போறாங்களாம், அதில் இரண்டு பேராம், ஒருத்தன் தட்டுவானாம், ஒருத்தன் மறைந்து நிற்பானாம். நான் நேற்றே பயந்தது சரியாகப் போச்சேன்னு நினைத்தேன். நான் கேட்ட கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, என் கதையில் ஒருத்தன்தான். இது நிஜம். அந்தப் பக்கத்திலும் யாரோ யாரிடமோ சொல்லியிருக்காங்க. கிழக்கே உள்ளவங்க வந்து தட்டப் போறாங்கன்னு அங்கே பேச்சு. பாவம், அவங்களுக்கு யார்தான் அப்படிப் பொய் சொன்னாங்களோ.

பயம் எப்படி வரும்னு உங்க புத்தகத்தில் எழுதியிருக்கா? எனக்குச் சத்தமாகத்தான் வரும். அன்னைக்குப் பட்டப்பகலில் தெரு முழுக்கத் தாழ்ப்பாள் போடுற சத்தம், ஒரு வீடு, அடுத்த வீடு, அதற்கடுத்த வீடுன்னு வரிசையாக. கத்தரிச் சத்தம் இல்லை. அம்மிச் சத்தம் இல்லை. பிள்ளைகளை வாயைப் பொத்தி உள்ளே இழுக்கிற சத்தம். பள்ளிவாசலில் பாங்கு மெதுவாகச் சொன்னாங்க, கேட்கக் கூடாதுங்கிற மாதிரி. கோவிலில் ரேடியோ போடலை. ஆடுகளுக்குத் தழை போட ஆள் வெளியே வரலை, அதுகள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போச்சு. அதற்கு நடுவில் எங்கேயோ ஒருத்தர் அரிவாளைக் கல்லில் தீட்டுற சத்தம். ஒரு இழுப்பு, நிறுத்துறார், இன்னொரு இழுப்பு. எந்தப் பக்கம்னு காதை வைத்துக் கேட்டேன். எங்க கொல்லையில்தான். எங்க வீட்டுக்காரர். வேலைக்குப் போகாத நாளில் மனுஷர் சும்மா இருக்க மாட்டார்.

அன்னைக்குச் சாயங்காலம் பார்த்தால் தெருவின் குறுக்கே உடைமர முள் கிடக்குது. எங்க வீட்டுக்கும் சபுரா வீட்டுக்கும் நடுவில், ஆள் உயரத்துக்கு. யார் போட்டாங்கன்னு தெரியாது. முள் வெட்டிக் கொடுத்தது எங்க வீட்டுக்காரர், ஆனால் போட்டது அவரில்லை. அந்தப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் முள் போட்டிருந்தாங்க. இரண்டு பக்கமும் சேர்ந்து செய்த வேலை மாதிரி நல்லா அடர்த்தியாக இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் சபுரா பெட்டி கட்டுற சத்தம் கேட்டது. வாப்பா கேட்கிறார், எதை எடுக்குறே எதை விடுறேன்னு. பஸ் ஓட ஆரம்பித்ததும் அவங்க அக்கா ஊருக்குப் போயிரணும், இனி இந்த வீடு வேண்டாம்னு அவர் சொல்றார்.  நான் தினமும் சுவரைத் தட்டித்தான் அவளைக் கூப்பிடுவேன். அன்னைக்குத் தட்டலை. தட்டினால் என்ன நினைப்பாங்களோ. அந்தப் பக்கத்திலிருந்தும் தட்டு வரலை.

மறுநாள் மத்தியானம் எங்க இசக்கியைக் காணோம். என் மகள். நாலு வயசு. எங்க இரண்டு கொல்லைக்கும் நடுவில் தண்ணீர் போறதுக்கு ஒரு மடை உண்டு, அது வழியாக நுழைந்து சபுரா வீட்டுக்குப் போய் வாப்பா பக்கத்தில் படுத்துத் தூங்குவாள். தினமும் நடக்கிறதுதான். ஆனால் அன்னைக்கு எனக்கு அது தோன்றலை. அடுக்களை, மச்சு, கிணற்றடின்னு ஓடித் தேடினேன். கடைசியில் சுவரில் காதை வைத்தேன். உள்ளே பிள்ளை ஏதோ கேட்குது, சபுரா, சத்தம் போடாம இரு கண்ணு, வெளிய போக வேண்டாம்னு சொல்றாள்.

வெளிய போக வேண்டாம்னா என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. நான் தெருவுக்கு வந்து சத்தம்தான் போட்டேன், வேறு ஒன்றும் செய்யலை. எம் பிள்ளைய உள்ள வச்சிருக்காங்கன்னு சொன்னேன். அது உண்மைதானே?

கிழக்கே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆம்பிளைகள் கம்போடு வந்தாங்க. எங்க வீட்டுக்காரர் இறவாணத்திலிருந்து அரிவாளை உருவினார். முள்ளை வெட்டத்தான் உருவினார், வேறு எதற்கு? வெட்டித் தள்ளி அந்தப் பக்கம் போனார். போனவர் அரிவாளைக் கீழே போட மறந்துட்டார். மேற்கே மொட்டை மாடிகளில் ஆட்கள் எழுந்து நின்றாங்க, கையில் கல்.  

நான் அங்கே நிற்கலை. வீட்டுக்குள் ஓடிப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கிட்டேன். அதனால்தான் இரண்டு பக்கமும் கேட்ட ஒரே ஆள் நான். வெளியே அவர் செருப்புச் சத்தம் சபுரா வாசலில் போய் நின்றது.  அவர் கதவைத் தட்டினார்.

தட்டினதும் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா தாயி? இந்தத் தட்டை நான் முந்தியே கேட்டிருக்கேன்னு இருந்தது.

உள்ளே உலக்கையை இழுக்கிற சத்தம். அது வாப்பா. முழங்கால் மடங்காத மனுஷர் உலக்கையைத் தூக்கிக்கிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறார். திறக்காத மவளே, அவன் கையில அரிவா இருக்குங்கிறார். வெளியே எங்க வீட்டுக்காரர் மறுபடியும் தட்டுறார். பின்னால் நிற்கிறவங்களில் ஒருத்தன், ஒடைங்க அண்ணாச்சிங்கிறான். மாடியில் கல்லோடு கல் உரசுது.

அப்போது கேட்டது தாயி. சபுரா குரல். பேச்சுக் குரல் இல்லை, வாசிப்புக் குரல். கதவுக்குப் பின்னாலிருந்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.

"கதவு மறுபடியும் தட்டப்பட்டது. வெளியே பக்கத்து வீட்டுக்காரன் நின்றிருந்தான். அவன் கையில் அரிவாள் இருந்தது. வழியில் கிடந்த முள்ளை வெட்டுவதற்காக அவன் அதைக் கொண்டு வந்திருந்தான்."

நாங்க விட்ட இடத்திலிருந்து. சரியாக அதே இடத்திலிருந்து. புத்தகம் என் அரிசிப் பானைக்குள் கிடக்குது, அவள் கையில் ஒன்றுமில்லை. முந்தியே முழுசும் படித்து மனசில் வைத்திருந்திருக்கிறாள். என்ன ஞாபகம் பாருங்க. அந்தப் பஞ்சாபு ஊரிலும் முள் கிடந்திருக்கு, அது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அங்கேயும் உடைமரம் உண்டு போல.

வெளியே எங்க வீட்டுக்காரர் தட்டுறதை நிறுத்தினார். அவரும் இந்தக் கதையை என் வாயால் கேட்டவர்தான். தெருவே கேட்டதுதான்.

"அவன் கெட்டவன் இல்லை," சபுரா வாசித்தாள். "அவன் பிள்ளையைத் தேடி வந்தவன். பிள்ளை உள்ளே தூங்கி எழுந்து பத்திரமாக இருந்தது. இதை அறிந்ததும் அவன் அரிவாளை வாசற்படியில் வைத்தான்."

நிறுத்தினாள். 

"அவன் அரிவாளை வாசற்படியில் வைத்தான்," என்றாள் மறுபடியும். வாசிக்கும்போது வரி பிசகிவிட்டால் திரும்ப வாசிப்பாள், அது அவள் வழக்கம்.

கல்லில் இரும்பு படுற சத்தம் எனக்குக் கேட்டது. வைத்துட்டார்.

பின்னால் ஒருத்தன், என்னண்ணாச்சி கீழ வைக்கீயன்னு கத்தினான். மாடியிலிருந்து ஒரு கல் உருண்டு தெருவில் விழுந்தது. யார் மேலேயும் படலை, ஆனால் கம்புகள் உயர்கிற காற்று எனக்குச் சுவர் வழியாகவே தெரிந்தது.  சபுரா நிறுத்தலை. அந்த ஊரைப் பற்றி, அந்தத் தெருவைப் பற்றி, அங்கே யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் பந்தல் போட்டாங்கன்னு வாசிச்சுக்கிட்டே போறாள்.

பிறகு வேறொரு சத்தம். தாழ்ப்பாள் திறக்கிற சத்தம். ஒரு வீடு. அடுத்த வீடு. எங்க பூரணம் சுளகோடு வெளியே வந்தாள். முள் வெட்டின சந்தில் நுழைந்து சபுரா வாசலுக்கு எதிரே தெருவிலேயே உட்கார்ந்தாள். அவளிடம் பின்னால் கேட்டேன், எப்படி பிள்ள தைரியம் வந்ததுன்னு. தைரியம் எங்க வந்துச்சு, வாசிப்புக் கேட்டுச்சு, வந்துட்டேன்னாள். மேற்கே மீராள் வந்தாள். அவள் மச்சினி வந்தாள். கிழக்கே இருந்து இன்னும் ஆட்கள். கம்புக்கும் கல்லுக்கும் நடுவில் எல்லாரும் சுளகை மடியில் வைத்து உட்கார்ந்து இலையைக் கத்தரிக்க ஆரம்பித்தாங்க. அந்தக் கத்தரிச் சத்தம் இரண்டு நாளாக இல்லாமல் இருந்து அப்போது வந்தது பாருங்க, எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்தது.

கம்போடு நின்ற தன் வீட்டுக்காரரைப் பார்த்துப் பூரணம் சொன்னாள்: "தள்ளி நில்லுங்க. வாசிப்பு நடக்குல்லா."

அவர் தள்ளி நின்றார். தன் பொண்டாட்டி தலைக்கு மேல் கம்பை ஓங்கிக்கிட்டு எவ்வளவு நேரம்தான் நிற்கிறது. மாடியில் கல்லோடு நின்ற ஒருத்தன் சத்தம் போட்டான். என்னவோ ஏதோன்னு எல்லாருக்கும் உயிர் போச்சு. அவன், இங்கன கேக்கல, சத்தமா வாசிங்கிறான்.

சபுரா சத்தமாக வாசித்தாள். "கதவு திறந்தது. உள்ளே இருந்த முதியவர் தன் கையில் இருந்ததைச் சுவரில் சாய்த்து வைத்தார். மகள் பிள்ளையைத் தூக்கி வந்து அதன் தகப்பன் கையில் கொடுத்தாள்."

உலக்கை சுவரில் சாய்கிற சத்தம் என் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. கதவு திறந்தது. நான் வெளியே ஓடி வந்து பார்த்தப்போ இசக்கி அவர் தோளில் கிடக்கிறாள், வாயில் பாதி முறுக்கு.  சபுரா கதவு நிலையைப் பிடித்துக்கிட்டு நிற்கிறாள். ஆனால் கண் மட்டும் எதிரே எங்கேயோ எழுதியிருக்கிற மாதிரி பார்த்து, விடாமல் வாசிக்கிறாள்.

"பயம் தீரும்வரை அந்த வாசற்படியை விட்டு நகரப் போவதில்லை என்று அவன் சொன்னான். பெரியவருக்கு யாராலும் ஒரு தீங்கும் வராமல் அவனே அங்கு காவல் உட்கார்ந்தான்."

எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்றது? புத்தகத்தில் இருக்கே. பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சபுரா வாசற்படியில் உட்கார்ந்தார். பஸ் ஓட ஆரம்பிக்கிற வரைக்கும், சாப்பாடு தவிர மற்ற நேரமெல்லாம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். வாப்பா அவருக்கு ஒரு பாயைக் கொண்டு வந்து போட்டார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளலை, கூச்சம். வெற்றிலை மட்டும் கை மாறினது. முள்ளை யாரோ அடுப்புக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. கட்டின பெட்டியைச் சபுரா அவிழ்த்தாள், அதையும் கேட்டேன்.

இதுதான் தாயி அந்தப் புத்தகத்தின் முடிவு. கரும்புக்காரன் காப்பாற்ற வந்தவன். நீங்க ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீங்க? நீங்க படித்தது வேறு அச்சாக இருக்கும். ஊருக்கு ஊர் மாற்றி அடிப்பாங்க. நீங்க கூட்டத்தில் தைரியமாகச் சொல்லுங்க, மூன்றில் இதுதான் நல்ல புத்தகம், நடுவில் மட்டும் நிறுத்தாமல் படிங்கன்னு. நடுவில் நிறுத்தினதால்தான் எங்க ஊரில் எவளோ தப்பாகப் புரிந்துகொண்டு கண்டதையும் பரப்பிவிட்டாள். அது யாருன்னு எனக்கு மட்டும் தெரியட்டும், அவள் மூஞ்சியிலே முழிக்க மாட்டேன்.

இன்னும் கொஞ்சம் இருக்கு. என் ஸ்டாப் வரலை.

பஸ் ஓட ஆரம்பித்து, பீடிக்கடையும் திறந்த பிறகு மறுபடியும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். நான் பானையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொண்டு வந்தேன். அன்னைக்குப் பதற்றத்தில் பாதி காதில் விழலை சபுரா, கடைசிப் பகுதியை இன்னொரு தடவை வாசின்னு எல்லாரும் கேட்டோம். அவள் இலை வைத்திருந்த இடத்தைப் பிரித்தாள். வாசிக்கலை. கண்ணாலேயே படித்தாள். ஒரு தாள் திருப்பினாள், அடுத்த தாள், அதற்கடுத்தது. அவள் சத்தமில்லாமல் படித்து நான் அதற்கு முந்திப் பார்த்ததில்லை.  கை என்னவோ வயிற்றைப் பிடிச்சுக்கிட்டது. மசக்கையா பிள்ளன்னு கேட்டேன். கேட்ட பிறகுதான், அவள் வீட்டுக்காரர் கேரளத்தில் இருக்காரேன்னு ஞாபகம் வந்தது.

வாசிச்சது வாசிச்சதுதான் மைனி, புதுசா ஒண்ணும் இல்லன்னாள். பேச்சுக் குரலில்தான் சொன்னாள். பிறகு, மைதா மாவு இருந்தா கொஞ்சம் குடுங்க, தாளெல்லாம் கழண்டு வருதுன்னாள். எனக்கு ஒன்றும் கழன்ற மாதிரி தெரியலை. ஆனால் படித்தவளுக்குத் தெரியாதது எனக்கா தெரியும்? நூலகத்துப் பொருள்னா அவளுக்கு அவ்வளவு அக்கறை.

மாவைக் கரைத்துக் கொடுத்தேன். அவளே அடுப்பில் வைத்துப் பசையாகக் கிண்டி எடுத்தாள். அந்தக் கதவைத் தட்டுகிற பக்கத்திலிருந்து கடைசி அட்டை வரைக்கும் ஒவ்வொரு தாளாக எடுத்து, ஓரத்தில் மட்டும் இல்லை தாயி, எழுத்தின் மேலேயே நிறையத் தடவி, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து ஒட்டினாள். முழுசும் ஒரே பலகை மாதிரி ஆனதும் எங்க அம்மிக் குழவியைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். அது பத்தாதுன்னு புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, குழவியின் மேல் தன் இரண்டு கையையும் ஊன்றி, பசை காய்கிற வரைக்கும் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.